மங்கு போகத் தடவிய எண்ணெய்... மூன்றாம் நாள் முகத்தில் விழுந்த சூடு!

சோதித்துப் பார்க்காமல் அவர் அந்த எண்ணெயை முகத்தில் தடவவில்லை. முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, ராத்திரி படுக்கும் முன்பு, தொடர்ந்து ஐந்து நாள் தடவினார். அரிக்கவில்லை, சிவக்கவில்லை, ஒரு பொரிகூட வரவில்லை. 'எதையும் முகத்துல போடுறதுக்கு முன்னாடி கையில போட்டுப் பாருங்க' என்று எல்லா அழகுக் குறிப்புகளும் சொல்கின்றன அல்லவா? அதை அப்படியே கடைப்பிடித்தவர் அவர். அப்படியும் அடுத்த வாரம் திங்கட்கிழமை காலையில் இரண்டு கன்னங்களும் நெருப்பில் காட்டியதுபோல் எரிந்தன.

காசிமேட்டில் வீடு. வயது 31. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் பில் போடும் வேலை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை வயிற்றில் இருந்தபோதுதான் கன்னத்து எலும்பின் மேல் பழுப்பாக ஒரு நிழல் படிந்தது. பிரசவத்துக்குப் பிறகு தானாகப் போய்விடும் என்றார்கள். சிலருக்குப் போகும். இவருக்குப் போகவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் ஸ்கூட்டரில் போய் வந்த வெயில் அதை இன்னும் கருக்கவைத்தது.

அதைத்தான் நாம் மங்கு என்கிறோம். கர்ப்பகால ஹார்மோன், சூரிய ஒளி, பரம்பரை... மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. இவருடைய அம்மாவுக்கும் மங்கு உண்டு. 25 வருடங்களாகக் காசிமேட்டில் மீன் விற்கிறவர். "என் மூஞ்சிய யாரு பாக்குறாங்க, மீனைத்தான பாப்பாங்க" என்று அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்படாதவர். மகளுக்கு அப்படி இருக்க முடியவில்லை. குழந்தையைப் பால்வாடியில் விடப் போனால் யாராவது ஒருவர் "உடம்பு சரியில்லையாக்கா?" என்பார். கணவர் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால், செல்போனில் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் போட்டுத்தான் குடும்பப் படம் எடுப்பார். அது இவருக்கு உறுத்தியது.

அலுவலகத்தில் கூட வேலை செய்யும் பெண்தான் 'பாகுச்சியால்' என்ற பெயரைச் சொன்னது. ஏதோ வெளிநாட்டுச் சரக்கு இல்லை, ஒரு மூலிகை விதையில் இருந்து எடுப்பது, பக்கவிளைவு குறைவு, காலையிலும் ராத்திரியிலும் போடலாம் என்று ஒரு ரீல்ஸையும் காட்டியது. 30 மில்லி சீரம் 650 ரூபாய். "அதுக்கு ஏன்க்கா அவ்ளோ காசு? பாகுச்சின்னா நம்ம கார்போக அரிசிதான். நாட்டு மருந்துக் கடையில எண்ணெயாவே தருவாங்க" என்று யோசனையும் அதே பெண்தான் சொன்னது.

சொன்னதில் பாதி உண்மை. ஆபத்து மீதிப் பாதியில் இருந்தது.

பாரிமுனை பக்கம் ராசப்ப செட்டி தெருவுக்குப் போனால் கிடைக்காத மூலிகை இல்லை. ஒரு கடையில் கார்போக அரிசி எண்ணெய் கேட்டார். கடைக்காரப் பெரியவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெண்படைக்காம்மா?" என்றார். இவருக்குச் சுருக்கென்றது. "இல்லண்ணா, சும்மா முகத்துக்கு." பெரியவர் பாட்டிலைத் தாளில் சுற்றிக் கொடுத்தபடி, "வெயில் படாம பாத்துக்கம்மா" என்றார். பாட்டிலை நிழலில் வைக்கச் சொல்கிறார் என்று இவர் புரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் உள்தட்டில், துணிக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

பிறகு அந்த ஐந்து நாள் கைச் சோதனை. அடுத்து மூன்று இரவுகள் முகத்தில் தடவி, எழுந்ததும் கழுவினார். எந்தத் தொந்தரவும் இல்லை. நம்பிக்கை வந்துவிட்டது. சனிக்கிழமை முதல் காலையிலும் போட ஆரம்பித்தார். அன்று எட்டரை மணிக்குத் தடவிக்கொண்டு கிளம்பினார். விரைவுச் சாலையில் வழக்கம்போல் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. புழுதியில் ஹெல்மெட் கண்ணாடி மங்கிவிடும் என்பதால் அதை மேலே தூக்கிவிட்டுத்தான் ஓட்டுவார். மூக்கையும் வாயையும் துப்பட்டாவால் கட்டியிருந்தார். சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. உச்சிவெயிலில் திரும்பி வந்தார்.

அன்று ஒன்றும் இல்லை. ஞாயிறு மாலை கன்னம் லேசாகச் சூடாக இருந்தது. திங்கட்கிழமை விடிந்தபோது இரண்டு கன்னங்களும் சிவந்து வீங்கி, வலது பக்கம் இரண்டு கொப்புளம். வியர்வையோடு எண்ணெய் வழிந்த பாதையில் காதோரம் ஒரு சிவப்புக் கோடு. முந்தின நாள் சமைத்த இறால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

அம்மா மட்டும் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இன்னாடி இது? உங்க மாமா கைக்குத் தடவுன மருந்து வாடை கீது!"

### மாமாவின் ஐந்து நிமிடம்

அம்மாவின் தம்பி துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தவர். பதினைந்து வருடங்களுக்கு முன்பு அவர் கைகளில் வெண்புள்ளிகள் வந்தன. 'வெண்குஷ்டம்' என்று அப்போது தெருவே பேசியது. குஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தொற்றாது. உடலின் எதிர்ப்பு சக்தியே நிறம் தரும் செல்களை எதிரியாக நினைத்துத் தாக்குவதால் பெரும்பாலும் வருவது. ஆனால், ஒரு சொல் எத்தனை கல்யாணங்களைத் தடுத்திருக்கிறது என்பது வடசென்னையில் பலருக்குத் தெரியும். மாமாவுக்குப் பெண் கிடைக்க நான்கு வருடம் ஆனது.

அவர் முதலில் ஒரு நாட்டு வைத்தியரிடம் போய்க் கார்போக அரிசி எண்ணெய் தடவினார். பிறகு அரசு மருத்துவமனையில் சோரலென் என்ற மருந்தை நீர்க்கவைத்துக் கொடுத்தார்கள். கூடவே கடுமையான விதிமுறை. தடவிவிட்டு மாடிக்குப் போய்க் காலை வெயிலில் சில நிமிடம் மட்டும் கையைக் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் அவருக்குச் சொன்னது ஐந்து நிமிடம். உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நாள் முழுக்க முழுக்கைச் சட்டை. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். ஆறு மாதத்தில் முன்கையில் மிளகு தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள் வந்து, அவை மெல்ல ஒன்றுசேர்ந்தன. விரல் நுனிகளில் மட்டும் கடைசிவரை நிறம் திரும்பவில்லை.

அதற்கும் காரணம் உண்டு. புதிய நிறச் செல்கள் பெரும்பாலும் முடியின் வேர்க்காலில் இருந்துதான் கிளம்பி வரும். முன்கையில் முடி இருக்கிறது. விரல் நுனியில் கிடையாது.

வைத்தியர் கொடுத்த எண்ணெயும் மருத்துவமனை கொடுத்த மருந்தும் வேலை செய்யும் விதம் ஒன்றே. கார்போக அரிசி விதையில் சோரலென் இருப்பதை 1933-ல் இந்திய வேதியியலாளர்களே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதே நேரத்தில் எகிப்தில் நைல் நதிக் கரையில் விளையும் வேறொரு செடியின் விதையை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தும் நாட்டு வைத்தியம் இருந்தது. கெய்ரோவைச் சேர்ந்த தோல் மருத்துவர் எல் மோஃப்டி, அந்த விதையில் இருந்து எடுத்த சோரலென் வகைப் பொருளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1948-ல் முடிவுகளை வெளியிட்டார். உலகம் முழுக்கத் தோல் மருத்துவமனைகளில் பின்னாளில் வந்த 'பூவா' ஒளி சிகிச்சை அந்த வழியில் வளர்ந்ததுதான்.

சோரலென் இருட்டில் சாது. புற ஊதா-ஏ கதிர் பட்டால்தான் விழித்துக்கொள்ளும். தோல் செல்லின் டி.என்.ஏ-வோடு ஒட்டிக்கொண்டு அதைச் சேதப்படுத்தும். அளவோடு நடந்தால் நிறச் செல்கள் தூண்டப்பட்டு வெள்ளை இடத்தில் நிறம் வரும். அளவு மீறினால் தோல் வெந்துபோகும். அந்தச் சூடு உடனே தெரியாது. இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதனால்தான் சனிக்கிழமை வெயிலுக்குத் திங்கட்கிழமை இறால் பழி சுமந்தது.

இருக்கிற நிறமே அதிகம் என்று கவலைப்பட்ட ஒருவர், நிறம் வரவைக்கும் மருந்தைத் தேடிப் பிடித்துத் தடவியிருக்கிறார். நடந்தது அதுதான்.

### கைச் சோதனை ஏன் ஏமாற்றியது?

தோல் மருத்துவர் முதலில் எண்ணெயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "வண்டி ஓட்டும்போது மூக்குவரைக்கும் துணி கட்டுவீங்களாம்மா?" என்று கேட்டார். சிவப்பு, துப்பட்டாவின் மேல் ஓரம் வரைக்கும் வந்து கோடு போட்டதுபோல நின்றிருந்தது. கீழ்க் கன்னத்திலும் எண்ணெய் பட்டிருந்தது. துணி மறைத்ததால் அந்த இடம் தப்பித்தது. அதைப் பார்த்தே இது அலர்ஜி இல்லை, எண்ணெயும் வெயிலும் சேர்ந்து சுட்டது என்று சொல்லிவிட்டார்.

"கையில போட்டுப் பாத்தேன் டாக்டர், ஒண்ணுமே ஆகல."

"எப்போ போட்டுப் பாத்தீங்க?"

"ராத்திரி."

மருத்துவர் சிரிக்கவில்லை. நீங்கள் செய்தது நல்ல சோதனைதான், ஆனால் உங்கள் பகலை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை என்றார். சட்டைக் கைக்குள், இரவில், வெயிலே படாத உள்முழங்கையில் சோரலென் எப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளும்? மருத்துவமனையில் இதற்கு 'ஃபோட்டோ பேட்ச்' சோதனை இருக்கிறது. சந்தேகப்படும் பொருளை முதுகில் இரண்டு இடங்களில் ஒட்டுவார்கள். ஒன்றுக்கு மட்டும் அளந்து புற ஊதா-ஏ ஒளி கொடுப்பார்கள். இன்னொன்றை மூடியே வைப்பார்கள். ஒளி பட்ட இடம் மட்டும் சிவந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அளந்து ஒளி கொடுக்கும் கருவி வேண்டும் என்பதால் இதை மொட்டை மாடியில் செய்து பார்க்கக் கூடாது.

அந்த ரீல்ஸ் சொன்னது பொய்யா என்றால், அதுவும் இல்லை. கார்போக அரிசி விதைக்குள் சோரலென் தவிர இன்னொரு பொருளும் இருக்கிறது. 1966-ல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்து 'பாகுச்சியால்' என்று பெயர் வைத்தார்கள். சோரலென்போல வெயிலில் சுடும் குணம் அதற்கு இல்லை. 2019-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 44 பேர், 12 வாரம். ஒரு குழுவுக்கு 0.5 சதவீத பாகுச்சியால் க்ரீம் தினமும் இரண்டு வேளை. இன்னொரு குழுவுக்கு அதே அளவு ரெட்டினால் ஒருவேளை. சுருக்கம், கருமை இரண்டும் இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தன. ரெட்டினால் போட்டவர்களுக்குத் தோல் உரிதலும் எரிச்சலும் அதிகம். 'காலையும் இரவும் போடலாம்' என்ற குறிப்பு இப்படிப்பட்ட க்ரீம் சோதனைகளில் இருந்து வருவது. முழு விதையையும் பிழிந்த எண்ணெய்க்கு அந்தக் குறிப்பு பொருந்தாது. அந்த எண்ணெயில் பாகுச்சியாலும் இருக்கும், சோரலெனும் இருக்கும்.

44 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது வெயிலில் முதிர்ந்த தோலுக்கான ஆய்வு. மங்குக்கானது அல்ல. 650 ரூபாய் சீரம் வாங்கியிருந்தாலும் இவருடைய மங்கு போயிருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. சூடாவது விழாமல் இருந்திருக்கும்.

வெயிலோடு சேர்ந்து சுடும் பொருள் கார்போக அரிசியில் மட்டும் இல்லை. நம் வீடுகளில் முகத்துக்குத் தேய்க்கும் எலுமிச்சையிலும் அதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தோலைப் பிழிந்து எடுக்கும் எலுமிச்சை எண்ணெய், வாசனைத் திரவியங்களில் சேரும் பெர்கமோட் எண்ணெய் எல்லாம் இந்த வகைதான். கழுவாமல் தோலில் விடும் பொருட்களில் பெர்கமோட் எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வாசனைத் திரவியத் துறையின் சர்வதேச அமைப்பே வரம்பு வைத்திருக்கிறது. எலுமிச்சையை முகத்தில் தேய்த்துக்கொண்டு துணி காயப்போட மாடிக்குப் போகிறவர்களுக்கு அப்படி வரம்பு சொல்ல யாரும் இல்லை.

பெரிய கம்பெனிகளின் சோதனையும் தவறவிட்டதுண்டு. ஜப்பானில் கானெபோ நிறுவனம் சில மரங்களில் இயற்கையாகவே இருக்கும் ரோடோடென்ட்ரால் என்ற பொருளைச் சேர்த்துச் சருமத்தை வெளுப்பாக்கும் க்ரீம்கள் விற்றது. அரசு அனுமதி பெற்ற பொருள்தான். 2013 ஜூலையில் அத்தனையையும் கடைகளில் இருந்து திரும்பப் பெற வேண்டி வந்தது. போட்டுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள் வந்திருந்தன. அவர்கள் நிறச் செல்களுக்குள் போன அந்தப் பொருள், உள்ளேயே விஷமாக மாறி அந்தச் செல்களை அழித்திருந்தது.

இந்த வீட்டில் கொப்புளம் பத்து நாளில் ஆறியது. ஆறிய இடம் மங்கைவிடக் கருப்பாக நின்றது. அது மெல்லத்தான் மங்கும், மாதக்கணக்கில் ஆகும், கிள்ளவோ தேய்க்கவோ கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். புண் ஆறிய பிறகு சன்ஸ்கிரீன். அதிலும் தோல் நிறத்தில் இருப்பது, அதாவது இரும்பு ஆக்சைடு சேர்ந்தது. ஏனென்றால், நம்மைப்போன்ற மாநிறத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கருக்கவைக்கும். மங்குக்கான மருந்து அதற்குப் பிறகுதான் என்று சொல்லி, கடையில் தானாக வாங்கும் 'வெள்ளை க்ரீம்' எதையும் தொடாதீர்கள் என்று எச்சரித்தார். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அத்தகைய க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. ஆனாலும், அவை கடைகளில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கின்றன.

மகளுக்கு இன்னொரு பயம் வந்துவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டும் நலங்கு மாவு டப்பாவை எடுத்துப் பார்த்தால், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு வரிசையில் கார்போக அரிசியும் இருந்தது. மறுபடி மருத்துவரிடம் ஓடினார். அது சிறிதளவுதான், தேய்த்த உடனே கழுவிவிடுகிறோம், எண்ணெய்போல் ஊறிக்கொண்டு வெயிலில் நிற்கப்போவதில்லை என்று அவர் சமாதானம் சொன்னார். சந்தேகமாக இருந்தால் பாசிப்பயறு மாவு மட்டும் போதும் என்றார். இவர் பாசிப்பயறுக்கே மாறிவிட்டார். ஆயாவுக்கு அதில் வருத்தம்தான். "உன்னையே அந்த மாவுலதான்டி குளிப்பாட்டுனேன்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால், ஆயாவிடமும் ஒரு மாற்றம். மகளுக்கு வாங்கிய சன்ஸ்கிரீனை அவர் தொடவில்லை, "மீன் நாத்தத்துக்கு இது வேறயா" என்று. அதற்குப் பதிலாக, மீன் கூடைகளுக்கு மட்டும் நிழல் தந்த பெரிய குடையைத் தன் தலைக்கும் வருமாறு ஓரடி நகர்த்தி நட்டுக்கொண்டார்.

பாட்டிலில் முக்கால்வாசி எண்ணெய் மிச்சம் இருந்தது. மாமாவுக்குப் புருவத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வெண்புள்ளி வந்திருந்ததால், "வீணாப்போவுதே, தம்பிக்காவது குடுத்துடலாமா?" என்றார் அம்மா. மகள் வேண்டாம் என்றார். அந்த பாட்டிலில் சோரலென் எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. விதை எங்கே விளைந்தது, எப்படிப் பிழிந்தார்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். மாமா ஐந்து நிமிடம் நிற்க வேண்டுமா, ஒரு நிமிடமா என்று யார் சொல்வது? அதுவும் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில். மாமா ஸ்டான்லியில் தோல் பிரிவுக்கே போகட்டும் என்று முடிவானது.

கடல் காற்றில் காசிமேட்டு வீடுகளின் இரும்புக் கேட்டெல்லாம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அம்மா ஒரு குச்சியில் துணியைச் சுற்றி, அந்த எண்ணெயில் தோய்த்து, கேட்டின் கீலுக்கு விட்டார். விட்டு முடித்ததும் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். கேட்டு இப்போது கிறீச்சிடுவதில்லை.